மலையேறும் அம்மாவுக்கு எதை வாங்கலாம், எதை வாங்காமல் விடலாம்

என் அம்மாவின் 58ஆவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த மலையேற்றக் காலணி ஒரே ஒரு பயணத்தோடு பரணுக்குப் போய்விட்டது. காலணியின் தரத்தில் குறையில்லை. குறை என் அவசரத்தில் இருந்தது. வாசலில் கிடந்த அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்து, அதிலிருந்த எண்ணைக் கடையில் சொல்லி, அவருக்குத் தெரியாமல் வாங்கி வந்தேன். ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைப்பாதையில் ஏறி முடிக்கும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. இறங்கத் தொடங்கியதும் விரல்கள் காலணியின் முனையில் இடித்துக்கொண்டே வந்தன; உள்ளே நெருக்குண்ட மெட்டி பக்கத்து விரலை அறுத்துவிட்டது. அடிவாரத்தில் காலுறையைக் கழற்றியபோதுதான் இரத்தக் கறையைப் பார்த்தேன். "நல்ல ஷூதான்டா, எனக்குத்தான் பழக்கமில்ல" என்று அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் தரும் பொருளைக் குறை சொல்லும் வழக்கம் நம் அம்மாக்களில் பெரும்பாலோருக்கு இல்லை. தவறான பரிசைக் கொடுத்தாலும் அது தவறு என்பது நமக்குத் தெரியவே வராது என்பதால், வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நம் பொறுப்பாகிறது. அந்தக் காலணிக்குப் பிறகு நான் ஒரு விதியை வைத்துக்கொண்டேன். பரிசு அம்மாவின் உடம்புக்கும் அவர் நடக்கும் நடைக்கும் உரியதாக இருக்க வேண்டும். அவர் மலைமேல் ஏற்றிச் செல்லும் குடும்பத்துக்கு உரியதாக இருக்கக் கூடாது. மடக்கு அடுப்பு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள், பெரிய குளிர்காப்புப் பெட்டி ஆகியவை கடையில் கண்ணைக் கவரும். ஆனால் வீட்டில் அடுப்படியில் நிற்பவரை முகாமிலும் அடுப்படியில் நிறுத்துவதற்கு அவையே வழிசெய்யும். காட்டில் சமைப்பதே தன் இன்பம் என்று அவராகச் சொன்னாலொழிய அவற்றை வாங்க வேண்டாம்.

முதலில் அவருடைய பழைய பையைப் பாருங்கள்

மலைக்குப் போகும் அம்மாக்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பர்வதமலைக்கும் சதுரகிரிக்கும் ஆண்டுதோறும் போய்வருபவர், விடியலில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் ஒருநாள் நடையை விரும்புபவர், மன்னவனூரிலோ ஏலகிரியிலோ கூடாரத்தில் ஓர் இரவு தங்க விரும்புபவர், பணி ஓய்வுக்குப் பின் இமயமலையில் ஐந்தாறு நாள் நடக்கத் துணிந்தவர் என்று பல வகையினர் இருக்கிறார்கள். ஒருவருக்கு இன்றியமையாத பொருள் இன்னொருவருக்குச் சுமையாகிவிடும்.

அவர் எந்த வகையினர் என்பதைக் கேட்டறிவதைவிட, போன பயணத்துக்குப் பின் இன்னும் முழுதாகப் பிரிக்கப்படாமல் இருக்கும் பையைப் பார்த்து அறிவதே எளிது. ஊக்கு குத்திச் சமாளிக்கப்பட்ட பட்டை, நெகிழிப் பையில் இருமுறை சுற்றிவைத்த மாத்திரை அட்டை, மூட்டுக்குத் தடவும் தைலம், எங்கோ பொறுக்கி வந்த ஒரு கம்பு என எதைக் கொண்டு அவர் ஒப்பேற்றியிருக்கிறாரோ அதைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். அடுத்த பயணத்தில் ஒருமுறையேனும் அவருக்குப் பின்னால் நடந்து பாருங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதா, இறக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைக்கிறாரா, வழியில் தண்ணீர் குடிக்காமல் தவிர்க்கிறாரா என்பதெல்லாம் கடைக்காரர் எவரும் சொல்லித் தர முடியாத செய்திகள்.

காலணி: ஆச்சரியப் பரிசாகக் கூடவே கூடாது

மலையேற்றப் பொருள்களில் மிகுந்த பயன் தருவதும் மிகுந்த துன்பம் தருவதும் காலணிதான். அம்மாவைக் கடைக்கு அழைத்துச் சென்றே வாங்க வேண்டும். அதுவும் மாலையில் போவது நல்லது, ஏனெனில் நாள் முழுதும் நடமாடிய பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும், மலையில் அவருடைய பாதம் இருக்கப்போகும் நிலையும் அதுவே. வயது கூடக்கூடப் பாதத்தின் வளைவு தளர்ந்து, பாதம் சற்று நீண்டு அகன்றுவிடுவது இயல்பு. கருவுற்ற காலத்திலேயே பலருக்கு இம்மாற்றம் தொடங்கிவிடுகிறது. எனவே பத்தாண்டுக்கு முந்தைய எண்ணை நம்ப வேண்டாம்.

மலைக்கு அணியப்போகும் தடித்த காலுறையோடும், அவர் கழற்றாத மெட்டியோடும் அணிந்து பார்க்கச் சொல்லுங்கள். நாடாவைக் கட்டியபின் நீண்ட விரலுக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட அரை எண்ணோ ஓர் எண்ணோ கூடுதலாக எடுப்பது இதனால்தான். பெரிய கடைகளில் சரிவான பலகை ஒன்று வைத்திருப்பார்கள். அதில் இறங்கி நிற்கும்போது விரல் முனையில் முட்டினால், அந்தக் காலணி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். விரல் பகுதி அகன்ற வடிவமைப்பே மெட்டி அணிபவருக்கு ஏற்றது. கணுக்காலை மூடும் உயரமான காலணியானால் கொலுசு எங்கே உராய்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் நடைக்கு, நல்ல பிடிமானமுள்ள தாழ்ந்த காலணியே பெரும்பாலும் போதும். கனத்த பூட்ஸை ஒவ்வொரு அடியிலும் தூக்கிவைக்க வேண்டியிருக்கிறது என்பதை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

புதிய காலணியோடு நேராக மலைக்குப் போகக் கூடாது. இரண்டு வாரங்களாவது மொட்டைமாடியிலும் படிக்கட்டிலும் கடைத்தெருவிலும் அணிந்து பழக வேண்டும் என்பதால், பயணத்துக்கு முந்தைய நாள் கையில் கொடுக்கும் காலணி பரிசே ஆகாது.

முழங்காலுக்கு ஒரு சோடி ஊன்றுகோல்

ஆச்சரியமாகவே ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது மலையேற்ற ஊன்றுகோல்தான். இறக்கத்தில் முழங்கால் மூட்டில் விழும் பாரத்தின் ஒரு பகுதியைக் கைகளும் தோளும் வாங்கிக்கொள்கின்றன. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இதன் வேறுபாடு முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும். "கிழவியா நான், தடி ஊன்ற?" என்று சிலர் மறுப்பார்கள். மலையேறப் பழகிய இளைஞர்களும் இரண்டு கோல்களோடுதான் நடக்கிறார்கள் என்பதை ஒரு படத்தில் காட்டிவிட்டால் மறுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரியான நீளத்தை அறிவது எளிது. சமதரையில் கோலை ஊன்றிப் பிடிக்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 105 சென்டிமீட்டராக இருக்கும்; ஏற்றத்தில் சற்றுக் குறைத்தும் இறக்கத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூட்டியும் வைத்துக்கொள்வார்கள். சந்தையில் உள்ள கோல்களில் பல, உயரமான ஆண்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே அதிகபட்ச நீளத்தைப் பார்க்காதீர்கள், எவ்வளவு குறைக்க முடியும் என்பதைப் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் வகையைவிட நெம்பிப் பூட்டும் வகை, விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்களுக்கு எளிது. அலுமினியக் கோல் சற்றுக் கனமானாலும் பாறையிடுக்கில் சிக்கினால் வளையும்; கார்பன் கோல் இலேசானது, ஆனால் முறிந்துவிடும். நம் ஊர்ப் பாறைப் பாதைகளுக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து. கைப்பிடி தக்கையால் ஆனதாக இருந்தால் வியர்வையில் வழுக்காது.

பையும் உடையும்

முதுகுப்பையைப் பொறுத்தவரை லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவதே பொதுவான பிழை. ஒருநாள் நடைக்கு 20 முதல் 25 லிட்டர் போதும் என்பது சரிதான்; ஆனால் முதுகின் நீளம் பொருந்தாத பை எந்த அளவில் இருந்தாலும் தோளை அறுக்கும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து, இருபக்க இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரையுள்ள நீளமே முதுகின் நீளம். இரவிக்கைக்கு அளவெடுக்கும் நாடாவாலேயே இதை அளந்துவிடலாம். பல நாள் பயணத்துக்கான பையில் அகலமான இடுப்புப்பட்டை கட்டாயம் வேண்டும், ஏனெனில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது தோள் அல்ல, இடுப்பு. பெண்களுக்கென்று செய்யப்படும் பைகளில் தோள்பட்டைகள் மார்பை ஒட்டி வளைந்திருக்கும்; தாலிச் சங்கிலி பட்டைக்கடியில் சிக்கி உராய்வதும் இவற்றில் குறைவு. நிறைத்த பையின் எடை, ஒருநாள் நடையில் அவருடைய உடல் எடையில் பத்தில் ஒரு பங்கையும், பல நாள் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல கணக்கு.

உடையில் அம்மாவின் வழக்கத்தை மாற்ற முயல வேண்டாம். சேலையில் பர்வதமலை ஏறி இறங்கியவர்களுக்கு, அந்நியமான ஓர் உடையைக் கொடுத்தால் அது பீரோவில்தான் இருக்கும். சுடிதார் அணிபவருக்கு, விரைவில் உலரும் துணியில் ஆழமான பைகள் வைத்த காற்சட்டை ஒன்றைக் கொடுத்தால், அதன்மேல் தம் வழக்கமான குர்தாவை அணிந்துகொள்வார். பருத்தி சமவெளியில் சுகமானது. மலையில் வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் எளிதில் உலராமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும் என்பதால், உள்ளே அணியும் சட்டைக்காவது பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ நல்லது. தொப்பி வாங்கும்போது கொண்டையை மறந்துவிடாதீர்கள்! பின்புறம் திறப்புள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்குக்கும் இது பொருந்தும்; எண்ணெய் தடவிய தலையில் அதன் பட்டை வழுக்கும், ஆகவே தலைக்கு மேலாகவும் ஒரு பட்டை போகும் வகையைத் தேடுங்கள். இருநூறு முன்னூறு லூமென் வெளிச்சம் போதும். இருட்டில், மூக்குக்கண்ணாடி இல்லாமல், விரலால் தடவியே கண்டுபிடிக்கும்படி பொத்தான் பெரியதாக இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

மழைக்காலத்தில் வால்பாறை, கொடைக்கானல் பக்கங்களில் நடப்பவருக்கு, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வந்து, இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் காலில் ஏறாமல் தடுக்கும் காலுறையைப் போல நன்றியோடு நினைக்கப்படும் பரிசு வேறில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் பொருள்தான் அது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் நிற்காமல் வருவதற்கு அது செலுத்தும் ஹிருடின் என்ற பொருளே காரணம். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கொலுசுக்கடியில் ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டால் அதன்பின் அந்தப் பயணத்தில் மனம் நிற்காது. காலுறையோடு ஓர் உப்பு முடிச்சையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இரவுக்கு

கூடாரத்தில் தங்கும் அம்மாவுக்கு உறக்கப்பை வாங்குவோர், அதன் உறையில் அச்சிட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலைப்படி சோதிக்கப்பட்ட பைகளில் 'கம்ஃபர்ட்' என்றும் 'லிமிட்' என்றும் இரண்டு வெப்பநிலைகள் கொடுக்கப்பட்டிருக்கும். முதலாவது, ஒரு சராசரிப் பெண் குளிராமல் உறங்கக்கூடிய அளவு. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய அளவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது எண்ணாக இருக்கும். அம்மாவுக்கு வாங்கும்போது முதல் எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும். உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. அங்கே பத்து டிகிரிக்கான பையோடு படுத்தால் விடியும்வரை விழித்திருக்க வேண்டியதுதான்.

பையைவிடவும் கீழே விரிக்கும் மெத்தையே உறக்கத்தை முடிவுசெய்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. உடம்பின் பாரத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் தரையின் குளிர் நேராக முதுகுக்கு ஏறும். மெத்தையின் காப்புத்திறனை 'ஆர் மதிப்பு' என்ற எண்ணால் குறிப்பார்கள். நம் மலைகளுக்கு இரண்டு மூன்று போதும், இமயத்துக்கு நான்குக்கு மேல் வேண்டும். இடுப்பு வலி உள்ளவருக்கு ஊதிக்கொள்ளும் தடித்த மெத்தை ஏற்றது.

மடக்கு நாற்காலி வாங்கும் எண்ணமிருந்தால் இருக்கையின் உயரத்தைக் கேளுங்கள். இலேசான நாற்காலிகள் பலவற்றில் இருக்கை தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலேயே இருக்கும். உட்காருவது எளிது, முழங்கால் தேய்ந்தவருக்கு எழுவது கடினம். வீட்டு நாற்காலியின் உயரமான 45 சென்டிமீட்டரை ஒட்டியதாக, கைதாங்கிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் கனம் கூடினாலும் முகாம் வரை வண்டி போகுமிடத்தில் அது பொருட்டல்ல. கூடாரத்தை மட்டும் பரிசாக வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதைச் சுமப்பவர், அடிப்பவர், காயவைத்து மடிப்பவர் யார் என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே விடைதான் வந்து நிற்கிறது.

யாரும் பேசாத ஒரு பொட்டலம்

மலைக்குப் போகும் பெண்களில் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஒதுங்க மறைவிடம் கிடைக்குமா என்ற அச்சத்தில் வறண்ட உடம்போடு ஏறுவதால்தான் தலைவலியும் தசைப்பிடிப்பும் வருகின்றன. இதற்கான பொருள்களை ஒரு சிறு பையில் சேர்த்துக் கொடுப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அவருடைய பயணத்தை மாற்றும் என்று நம்புகிறேன். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் சிலிகான் புனல், ஒரு சிறு மண்வாரி, காகிதம், பயன்படுத்தியவற்றைத் திரும்ப எடுத்துவர ஒளி ஊடுருவாத பை, கைகழுவும் சோப்புத் தாள்கள், ஒரு பெரிய மெல்லிய துண்டு ஆகியவை அதில் இருக்கலாம். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். மகன் கொடுக்கக் கூச்சப்பட்டால் மகளோ மருமகளோ கொடுக்கட்டும். என் அம்மாவுக்கு இதை என் தங்கைதான் கொடுத்தாள்; அதற்கு அடுத்த பயணத்தில் அவர் இரண்டாவது தண்ணீர்க் குப்பியையும் காலி செய்தார்.

அந்தக் குப்பியும் எவர்சில்வர் குடுவையாக இருப்பது நல்லது. நீலகிரி மாவட்டத்தில் நெகிழித் தண்ணீர்க் குப்பிகளுக்குத் தடை இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் கட்டாயமாகியிருக்கிறது.

குறைவாகக் கொடுங்கள்

பட்டியல் நீண்டுகொண்டே போகும்போது நான் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணியை நினைத்துக்கொள்வேன். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955ஆம் ஆண்டில், தம் 67ஆவது வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. கூடாரமும் உறக்கப்பையும் அவரிடம் இல்லை. அவரைப் போல நடக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து புதிய பொருள்களைக் கொடுத்து அம்மாவின் பையை நிரப்புவதைவிட, அங்கே உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுப்பது மேல்.

கையில் பணம் குறைவாக இருந்தாலும் வழியுண்டு. நீர் புகாத சிறு மாத்திரைப் பெட்டி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அவர் எடுக்கும் மருந்துகளின் பெயர் எழுதிய அட்டை, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, ஒரு விசில், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் அதுவே நிறைவான பொட்டலம். கைபேசியில் இணையம் இல்லாமலும் வேலை செய்யும் வரைபடத்தைப் பதிவிறக்கி, அதைப் பார்க்கும் முறையைப் பொறுமையாக ஒரு மாலை முழுதும் கற்றுக்கொடுப்பதற்குப் பணமே வேண்டாம்.

பொருள் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடும் அம்மாவுக்கு ஒரு பயணத்தையே முன்பதிவு செய்து கொடுக்கலாம். 2018 மார்ச் மாதம் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீ உயிரிழப்புகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுக்கப்பட்டன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் கூடாரம் அடிப்பதும் குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. எளிது, மிதம், கடினம் என்று அவை வகைப்படுத்தப்பட்டுள்ளன, வனத்தையொட்டி வாழும் மக்களே வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். முதல்முறை போகிறவருக்கு உதகையின் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை போன்ற எளிய பாதைகள் பொருத்தமானவை. காட்டுத்தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவதுண்டு என்பதால், தேதியை உறுதிசெய்துகொண்டு பதிவு செய்யுங்கள். மே மாதத்து இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினத்திலேயே மலையேற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், அன்று சீட்டைக் கொடுத்துவிட்டு இதமான மாதத்தில் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டோடு, அவர் போய்வரும் நாள்களில் வீட்டில் யார் சமைப்பது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது யார், பால்காரருக்குப் பதில் சொல்வது யார் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இல்லையெனில் கடைசி வாரத்தில் அவரே பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்.

எதை வாங்கினாலும் இரசீதைக் கிழிக்காமல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதைக் கடையில் கேட்டு அதன்மேல் எழுதிவிடுங்கள். கொடுக்கும்போதே, "பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்மா, 15 நாள் டைம் இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். என் அம்மாவின் இரண்டாவது காலணி அப்படித்தான் வந்தது. கடையில் நான்கு சோடிகளை அணிந்து பார்த்து, சரிவுப் பலகையில் மூன்றுமுறை ஏறி இறங்கி, நான் காட்டிய நிறத்தை ஒதுக்கிவிட்டு, ஆண்கள் வரிசையிலிருந்த அகலமான ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார். மெட்டி காலிலேயே இருந்தது.